ஹெக்ஸோகைனேஸ் 2 ஆன்டிபாடி: பிளாக்கிங் பெப்டைட் போட்டால் இரண்டு பேண்டும் போய்விடுகின்றன

கல்லீரல்_லேன் எழுதியது:

வணக்கம். இரண்டு வாரமாக மண்டையைக் குடைகிற ஒரு விஷயம். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

குளுக்கோஸில் பாஸ்பேட் ஏற்றுகிற என்சைம்களில் ஒன்றான ஹெக்ஸோகைனேஸ் 2-க்கு எங்கள் லேபுக்கென்றே ஒரு ஆன்டிபாடி (அதைத் தேடிப் பிடித்து ஒட்டுகிற புரதம்) செய்து வாங்கினோம். என்சைமின் சி-முனைப் பக்கத்திலிருந்து, அதாவது புரதச் சங்கிலியின் கடைசிப் பக்கத்திலிருந்து, 17 அமினோ அமிலம் கொண்ட ஒரு பெப்டைடை (சின்னப் புரதத் துண்டு) எடுத்து, முயலின் எதிர்ப்பைத் தூண்ட கேஎல்எச் என்ற பெரிய புரதத்தோடு இணைத்து, முயலுக்கு ஊசி போட்டு, வந்த சீரத்தை அதே பெப்டைட் கட்டிய ரெசினில் ஓட்டிச் சுத்தம் செய்து கொடுத்தார்கள். மிச்சமிருந்த பெப்டைடும் தனிக் குப்பியில் வந்தது. ஆன்டிபாடியின் பிடிமான இடங்களை முன்கூட்டியே அடைக்க அதைத்தான் பிளாக்கிங் பெப்டைடாகப் பயன்படுத்துகிறேன்.

வெஸ்டர்ன் பிளாட்டில், அதாவது புரதங்களை ஜெல்லில் எடைவாரியாகப் பிரித்து, மெம்பரேனுக்கு மாற்றி, ஆன்டிபாடி ஊற்றிப் பார்த்தால், மனிதக் கல்லீரல் புற்றுநோய்ச் செல்களின் லைசேட்டில் (உடைத்த செல்களின் சாறு) 100 கிலோடால்டன் (புரத எடையின் அலகு) பக்கத்தில் நல்ல பேண்ட் வருகிறது, ஹெக்ஸோகைனேஸ் 2-இன் எடை 102 என்பதால் அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. எலிக் கல்லீரலில்தான் சிக்கல். 100-இல் மங்கலாக ஒன்று, 50-க்குச் சற்று மேலே கனமாக ஒன்று. ஹெக்ஸோகைனேஸ் 2 என்பதே ஒன்றையொன்று ஒத்த இரண்டு 50 கிலோடால்டன் பாதிகள் சேர்ந்ததுதானே, நடுவில் வெட்டுப்பட்டால் சி-பாதி இந்த இடத்தில்தான் வரும் என்று என் வழிகாட்டி சொல்கிறார். அப்புறம் இன்னொன்று, பட்டினி போட்ட எலிகளில் அந்த 50 பேண்ட் நன்றாகக் குறைகிறது. பட்டினியில் இந்தத் துண்டு குறைகிறது என்று ஒரு படமும் தயாராகிவிட்டது.

போன வாரம் 1 மைக்ரோகிராம் ஆன்டிபாடிக்கு 5 மைக்ரோகிராம் பெப்டைட் சேர்த்து இரவு முழுக்கக் குளிரில் வைத்து, மறுநாள் மெம்பரேனில் ஊற்றினேன். இரண்டு பேண்டும் சுத்தமாகப் போய்விட்டன. அப்படியானால் இரண்டுமே ஹெக்ஸோகைனேஸ் 2 என்று எழுதலாமா? வழிகாட்டி எழுதலாம் என்கிறார், எனக்கு ஏனோ மனம் ஒப்பவில்லை. 5 மடங்கு என்ற அளவு சரியா என்பதையும் யாராவது சொல்லுங்கள்.

—

பழைய_பிப்பெட் எழுதியது:

எழுத வேண்டாம். உங்கள் மனம் ஒப்பாததற்குக் காரணம் இருக்கிறது.

உங்கள் ஆன்டிபாடி எப்படிச் சுத்தம் செய்யப்பட்டது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், பதில் அந்த வரியிலேயே இருக்கிறது. அந்தப் பெப்டைடைப் பிடித்தவை மட்டுமே ரெசினில் தங்கின, மற்றதெல்லாம் கழுவிப் போய்விட்டது. ஆக உங்கள் குப்பியில் இருக்கிற ஆன்டிபாடி ஏறக்குறைய எல்லாமே அந்தப் பெப்டைடைப் பிடிப்பவைதான். இப்போது அதே பெப்டைடை அளவுக்கு மிஞ்சிப் போட்டு அவற்றின் பிடிமான இடங்களையெல்லாம் அடைத்துவிட்டால், அந்த இடங்களால் ஒட்டிய பேண்ட் எதுவானாலும் மறையத்தான் செய்யும். அது ஹெக்ஸோகைனேஸ் 2 ஆனாலும் சரி, அதே மாதிரி ஒரு துண்டு வரிசை தன்னிடம் உள்ள வேறு புரதமானாலும் சரி. பேண்ட் மறைந்தால் தெரிவது ஒன்றுதான்: ஆன்டிபாடி தன் பிடிமான இடத்தால் அங்கே ஒட்டியிருந்தது. எதன்மேல் ஒட்டியிருந்தது என்ற கேள்விக்கு அதில் பதிலே கிடையாது.

மறையாமல் நின்றிருந்தால் விஷயம் வேறு. அடைபட்ட பிறகும் ஒரு பேண்ட் நிற்கிறது என்றால் அதை ஒதுக்கிவிடலாம், செகண்டரியோ (முதல் ஆன்டிபாடியைக் கண்ணுக்குக் காட்ட ஊற்றுகிற இரண்டாவது ஆன்டிபாடி) வேறு ஏதோ பிசுபிசுப்போ காரணம். அதாவது இந்தச் சோதனை ஒரு பேண்டை நிராகரிக்க உதவும், ஒரு பேண்டுக்குப் பெயர் வைக்க உதவாது. இதைச் சொல்லிக்கொடுக்காமலேயே எல்லோர் கையிலும் பெப்டைட் குப்பியைக் கொடுத்துவிடுகிறார்கள், அதில் எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

சரி, உங்கள் 50 பேண்டுக்கு வருவோம். கல்லீரல் என்றதுமே எனக்குக் குளுக்கோகைனேஸ் நினைவுக்கு வந்தது. ஹெக்ஸோகைனேஸ் குடும்பத்தில் நான்காவது, 465 அமினோ அமிலம், சுமார் 52 கிலோடால்டன். ஹெக்ஸோகைனேஸ் 2-இன் ஒரு பாதியைப் போன்ற அமைப்பு, ஒரே மூதாதையிலிருந்து வந்த குடும்பம். சாதாரண முதிர்ந்த கல்லீரல் செல்லில் குளுக்கோஸைப் பாஸ்பேட் ஏற்றுகிற முக்கிய வேலை குளுக்கோகைனேஸுடையது, ஹெக்ஸோகைனேஸ் 2 அங்கே மிகக் குறைவு. செல் புற்றாக மாறும்போது இது தலைகீழாகிறது: குளுக்கோகைனேஸ் அடங்கி ஹெக்ஸோகைனேஸ் 2 எழும்புகிறது. உங்கள் ஜெல்லில் இருப்பது அப்படியே அந்தப் படம்தான், புற்றுநோய்ச் செல்லில் 100, சாதாரணக் கல்லீரலில் 50.

பட்டினி விஷயம் இதை இன்னும் வலுப்படுத்துகிறது. கல்லீரலில் குளுக்கோகைனேஸ் ஜீனை எழுப்புவது இன்சுலின். பட்டினியில் இன்சுலின் இறங்கும், குளுக்கோகைனேஸும் இறங்கும், திரும்ப உணவு கொடுத்தால் ஏறும். பாடப்புத்தகத்தில் உள்ள சங்கதி இது. வெட்டுப்பட்ட துண்டு என்று நீங்கள் படம் போட்டிருப்பது அநேகமாக வேறொரு என்சைமின் இயல்பான நடத்தை.

உங்களிடம் பெப்டைட் வரிசை இருக்கிறதே, அது பெரிய வசதி. பல கம்பெனிகள் வரிசையை வெளியே சொல்வதில்லை. அதைக் குளுக்கோகைனேஸ் வரிசையின் கீழே வைத்து எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள்.

—

மைக்ரோலிட்டர் எழுதியது:

அளவு பற்றிக் கேட்டிருந்தீர்கள், அதற்கு மட்டும் நான். எடையில் 5 மடங்கு என்பது பழக்கத்தில் உள்ள அளவு, போதும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஆன்டிபாடி 150 கிலோடால்டன், எனவே 1 மைக்ரோகிராம் என்றால் சுமார் 6.7 பிகோமோல், ஒவ்வொன்றுக்கும் இரண்டு பிடிமான இடம் என்றால் 13 சொச்சம். 17 அமினோ அமிலப் பெப்டைடின் எடையை 1.7 கிலோடால்டன் என்று வைத்துக்கொண்டால் 5 மைக்ரோகிராமில் 2,900 பிகோமோல் வரை வரும். ஒரு பிடிமான இடத்துக்கு 200-க்கு மேல் பெப்டைட் மூலக்கூறு. குப்பியில் எழுதியிருக்கும் எடையில் உப்பும் ஈரமும் சேர்ந்திருக்கும், நிகரப் பெப்டைட் அதைவிடக் குறைவு. அதைக் கழித்தாலும் தாராளம்தான்.

ஆனால் அளவைவிட எனக்கு உறுத்துவது, இணையாக என்ன ஓட்டினீர்கள் என்று நீங்கள் எழுதவே இல்லை. ஆன்டிபாடியை இரண்டு குழாயில் பிரிக்க வேண்டும். ஒன்றில் பெப்டைட், மற்றதில் பெப்டைட் கரைத்த அதே கரைசல் மட்டும், அதே கன அளவு. இரண்டும் அதே இரவு அதே குளிரில் சுழல வேண்டும். ஒரே ஜெல், ஒரே மெம்பரேன், அதை இரண்டாக வெட்டி ஒரே நேரத்தில் ஊற்றி, ஒரே நேர எக்ஸ்போஷரில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எடுக்க வேண்டும். திங்கட்கிழமை எடுத்த பிளாட்டையும் வியாழக்கிழமை எடுத்த பிளாட்டையும் ஒப்பிட்டால் அது ஒப்பீடே இல்லை. ஒரு நாள் டிரான்ஸ்ஃபர் சரியாக நடக்காவிட்டால்கூட "பெப்டைட் அடைத்துவிட்டது" என்று தோன்றிவிடும்.

மூன்றாவது குழாய் ஒன்றும் வைத்துக்கொள்ளுங்கள்: அதே அமினோ அமிலங்கள், வரிசை மட்டும் கலைக்கப்பட்ட பெப்டைட், அதே செறிவில். அது எதையும் மறைக்கக் கூடாது. மறைத்தால் உங்கள் பெப்டைட் கரைசலில் ஏதோ கோளாறு. பெரும்பாலும் பெப்டைடோடு வந்த டிரைஃபுளுரோஅசிட்டேட் உப்பால் கரைசல் புளித்திருக்கும், அதிகச் செறிவில் கரைத்து அப்படியே ஊற்றியிருந்தால் ஒருமுறை பிஎச் பார்த்துவிடுவது நல்லது.

ஆன்டிபாடியை முதலில் நீர்த்துப் பார்த்து, பேண்ட் தெளிவாகத் தெரிகிற மிகக் குறைந்த அளவைக் கண்டுபிடித்துவிட்டுத்தான் பெப்டைட் சோதனைக்கு வர வேண்டும். தேவைக்கு மேல் ஆன்டிபாடி ஊற்றினால் 52-இல் உள்ள உறவுக்காரப் புரதம் மட்டுமல்ல, தூரத்துச் சொந்தமெல்லாம் தெரியும்.

குப்பியைப் பற்றி ஒரு வரி: ஃப்ரீசரிலிருந்து எடுத்த உலர் பெப்டைடை உடனே திறக்க வேண்டாம், அறை வெப்பத்துக்கு வரட்டும், இல்லாவிட்டால் ஈரம் இழுத்துக்கொள்ளும். வரிசையில் சிஸ்டீன் இருந்தால் டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பானில் கரைக்காதீர்கள், ஆக்சிஜனேற்றம் ஆகும். கரைத்ததைச் சின்னச் சின்னப் பங்காகப் பிரித்து உறைய வையுங்கள்.

—

கல்லீரல்_லேன் எழுதியது:

இரண்டு பேருக்கும் நன்றி. ஒப்பிட்டுப் பார்த்தேன், கை நடுங்கிவிட்டது.

17-இல் 13 இடம் குளுக்கோகைனேஸோடு அப்படியே ஒன்றுதான். மாறுகிற நாலும் பெரிய மாற்றம் இல்லை: ஆஸ்பார்ட்டிக் அமிலத்துக்குப் பதில் குளுட்டாமிக் அமிலம், லைசினுக்குப் பதில் ஆர்ஜினைன், ஐசோலியூசினுக்குப் பதில் வேலைன், திரியோனைனுக்குப் பதில் செரீன். கிளைசினும் அலனைனும் நிறைந்த நடுத்துண்டு கிட்டத்தட்ட அச்சு அசலாக அப்படியே இருக்கிறது. வரிசையைத் தேர்ந்தெடுத்தது நான்தான். நீரில் நன்றாகக் கரையும், மேற்பரப்பில் இருக்கும் என்று ஒரு மென்பொருள் சொன்னதை மட்டும் பார்த்தேன், குடும்பத்து மற்ற என்சைம்களோடு ஒப்பிடவே இல்லை.

மைக்ரோலிட்டர் கேட்டதற்கு: பெப்டைட் இல்லாத இணைக் குழாய் வைத்தேன், ஆனால் அது இரவு குளிரில் இருக்கவில்லை, காலையில் புதிதாகக் கலக்கியது. வரிசை கலைத்த பெப்டைட் எங்களிடம் இல்லை.

50 பேண்டை விட்டுவிடுகிறேன். 100 பேண்டாவது பத்திரமாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாமா?

—

இருபாதி எழுதியது:

இவ்வளவு நேரம் எல்லோரும் 50-ஐப் பற்றியே பேசுகிறீர்கள், எனக்கு அந்த 100-தான் அதிகக் கவலை தருகிறது.

ஹெக்ஸோகைனேஸ் 1-உம் 917 அமினோ அமிலம்தான், அதே 102 கிலோடால்டன். ஜெல்லில் இரண்டையும் பிரிக்கவே முடியாது, ஒன்றின் மேல் ஒன்று உட்காரும். வரிசையிலும் இரண்டும் முக்கால்வாசிக்குக் கிட்ட ஒன்றே. நீங்கள் சொல்கிற அந்தக் கிளைசின், அலனைன் துண்டு ஹெக்ஸோகைனேஸ் 1-இலும் இருக்கிறது, குளுக்கோகைனேஸைவிட இன்னும் நெருக்கமாகவே இருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள். குளுக்கோகைனேஸ் வேறு எடையில் ஓடியதால் உங்களுக்குச் சந்தேகமாவது வந்தது. ஹெக்ஸோகைனேஸ் 1 சரியான இடத்திலேயே வந்து நிற்பதால் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். பெப்டைட் போட்டால் இரண்டும் சேர்ந்தே மறையும், "ஆன்டிபாடி சரி" என்று கையெழுத்துப் போட்டுவிடுவோம்.

ஹெக்ஸோகைனேஸ் 1 உடம்பில் அநேகமாக எல்லாச் செல்லிலும் இருக்கிறது. சிவப்பணுவிலும் உண்டு. எலிக் கல்லீரலை இரத்தம் போகக் கழுவாமல் அரைத்திருந்தால் அந்த மங்கலான 100-க்கு அதுவே போதும்.

உயிர்வேதியியலில் இந்த இரண்டும் ஒன்றல்ல. ஹெக்ஸோகைனேஸ் 2-இல் இரண்டு பாதியும் வேலை செய்யும், ஹெக்ஸோகைனேஸ் 1-இல் சி-பாதிக்கு மட்டுமே வினையாற்றல். தசையிலும் கொழுப்பிலும் இன்சுலினுக்கு அசைவது 2, அசையாமல் வீட்டு வேலை பார்ப்பது 1. புற்றுநோய்ப் பக்கம் முடிவு சொல்லப்போகிற ஒரு கட்டுரையில் இந்த இரண்டையும் கலந்துவிட்டால் படிக்கிறவர் தவறான என்சைமைத் துரத்திக்கொண்டு போவார். அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

செய்ய வேண்டியது: உங்கள் புற்றுநோய்ச் செல்லில் ஹெக்ஸோகைனேஸ் 2-ஐ எஸ்ஐஆர்என்ஏ (ஒரு ஜீனிலிருந்து புரதம் உண்டாவதை அடக்குகிற சின்ன ஆர்என்ஏ) வைத்து அடக்குங்கள், வெவ்வேறு இடத்தைத் தாக்குகிற இரண்டு எஸ்ஐஆர்என்ஏ. இன்னொரு தட்டில் ஹெக்ஸோகைனேஸ் 1-ஐ அடக்குங்கள். எதற்கு எவ்வளவு குறைகிறது என்று பார்த்தால் அந்த 100-இல் யாருக்கு எவ்வளவு பங்கு என்று தெரிந்துவிடும். ஜீனையே நீக்கிய செல் கிடைத்தால் இன்னும் நல்லது. 2016-இல் ஆன்டிபாடி சரிபார்ப்புக்கான சர்வதேசப் பணிக்குழு ஐந்து வழிகளைப் பரிந்துரைத்தது: ஜீனை அடக்கியோ நீக்கியோ பார்ப்பது, ஆன்டிபாடியே இல்லாத வேறு முறையில் அளந்து ஒப்பிடுவது, வேறு இடத்தைப் பிடிக்கிற இரண்டாவது ஆன்டிபாடி, குறியிட்ட புரதத்தைச் செல்லில் உண்டாக்கிப் பார்ப்பது, பிடித்து இழுத்ததை மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரியில் பார்ப்பது. பிளாக்கிங் பெப்டைட் அந்த ஐந்தில் இல்லை, அது தற்செயல் அல்ல.

—

திசுவெட்டு எழுதியது:

இருபாதி சொன்னது எல்லாம் சரி, ஆனால் பெப்டைட் குப்பியைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள், நான் தினமும் பயன்படுத்துகிறேன்.

சுத்தம் செய்யாத முழுச் சீரம் வைத்து வேலை செய்கிறவர்களுக்கு அது நிறையச் சொல்லும். முயலின் சீரத்தில் கேஎல்எச்சுக்கு எதிரானது, அந்த முயல் தன் வாழ்நாளில் சந்தித்த கிருமிகளுக்கு எதிரானது என்று ஆயிரம் இருக்கும். அங்கே பெப்டைட் சேர்த்தால் பெப்டைட் சார்ந்த பேண்டுகள் மட்டும் போகும், மற்றவை நிற்கும். அந்தப் பிரிப்பு உண்மையிலேயே பயனுள்ளது. பாஸ்பேட் ஏறிய வடிவத்தைப் பிடிக்கிற ஆன்டிபாடிக்கும் இது வேண்டும், பாஸ்பேட் உள்ள பெப்டைட் மறைக்க வேண்டும், அதே வரிசை பாஸ்பேட் இல்லாமல் போட்டால் மறைக்கக் கூடாது.

ஒரே ஒரு எச்சரிக்கை திசு வெட்டுகளில் வேலை செய்பவர்களுக்கு. நேர்மின் சுமை அதிகமுள்ள பெப்டைட் தானே திசுவில் போய் ஒட்டிக்கொள்ளும், ஆன்டிபாடியையும் அங்கே இழுத்துவிடும். பெப்டைட் போட்ட பிறகு சாயம் குறைவதற்குப் பதிலாகக் கூடியதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன், ஒரு மாதம் அதற்கே போனது. கலவையைச் சுழற்றி மேல்நீரை மட்டும் எடுப்பது, பெப்டைடைப் படிப்படியாகக் குறைத்துப் பார்ப்பது, இரண்டும் உதவின.

கல்லீரல்_லேன், உங்களிடம் உறைந்த கல்லீரல் மிச்சம் இருந்தால் பிளாட்டை விட்டுவிட்டு என்சைம் வேகத்தை அளந்து பாருங்கள். பழைய முறைதான், குளுக்கோஸ் 0.5 மில்லிமோலாரில் ஒரு முறை, 100 மில்லிமோலாரில் ஒரு முறை. மற்ற ஹெக்ஸோகைனேஸ்கள் குறைந்த செறிவிலேயே நிறைந்துவிடும், குளுக்கோகைனேஸுக்குப் பாதி வேகம் வரவே 8 மில்லிமோலார் அளவில் வேண்டும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் குளுக்கோகைனேஸின் பங்கு. பட்டினி எலியில் அந்த வித்தியாசமும் 50 பேண்டும் சேர்ந்து இறங்கினால் உங்களுக்கே தெளிவாகிவிடும்.

—

கல்லீரல்_லேன் எழுதியது:

மூன்று வாரம் கழித்து வருகிறேன், கேட்டவர்களுக்குச் சொல்லாமல் போகக் கூடாது.

ஹெக்ஸோகைனேஸ் 2-ஐ அடக்கியதும் புற்றுநோய்ச் செல்லில் 100 பேண்ட் குறைந்தது, ஆனால் மறையவில்லை. இரண்டு எஸ்ஐஆர்என்ஏவிலும் அதே கதை. ஹெக்ஸோகைனேஸ் 1-ஐயும் சேர்த்து அடக்கியபோதுதான் மீதி போனது. இருபாதி சொன்னதுதான் சரி, அந்த ஒற்றைப் பேண்டில் இரண்டு பேர் இருந்தார்கள். கல்லீரலில் 0.5-க்கும் 100-க்கும் உள்ள வித்தியாசம் பட்டினியில் விழுந்தது, 50 பேண்டும் அதோடு விழுந்தது. வழிகாட்டியிடம் எல்லாவற்றையும் மேஜைமேல் பரப்பிக் காட்டினேன். அரை மணி நேரம் பேசாமல் பார்த்துவிட்டு, அந்தப் படத்தை எடுத்துவிடச் சொன்னார். எனக்கு அவர்மேல் மரியாதை கூடியது.

இப்போது புதுப் பெப்டைட் வடிவமைக்கிறேன். ஹெக்ஸோகைனேஸ் 2-இன் கடைசி எட்டுப் பத்து அமினோ அமிலங்களில்தான் 1-உம் குளுக்கோகைனேஸும் நன்றாக விலகுகின்றன, அந்த வாலை எடுக்கலாம் என்று நினைக்கிறேன். பழைய ஆன்டிபாடியை வீணாக்காமல் இருக்க வழி உண்டா?

—

பழைய_பிப்பெட் எழுதியது:

பழையதை மீட்க ஒரு முயற்சி செய்யலாம். குளுக்கோகைனேஸின் அந்த 17-ஐயும் ஹெக்ஸோகைனேஸ் 1-இன் அதே பகுதியையும் தனித்தனி ரெசினில் கட்டி, ஆன்டிபாடியை இரண்டிலும் ஓட்டி, ஒட்டாமல் வெளியே வருவதை மட்டும் பிடியுங்கள். இவ்வளவு ஒற்றுமை இருக்கையில் மிஞ்சுவது சொற்பமாகத்தான் இருக்கும், அதை நம்பி வேலையைத் திட்டமிட வேண்டாம்.

வால் நல்ல தேர்வு. கேஎல்எச்சோடு இணைக்கச் சிஸ்டீன் சேர்ப்பீர்கள் அல்லவா, அதை என்-முனைப் பக்கம், அதாவது சங்கிலியின் தொடக்கத்தில், சேர்க்கச் சொல்லுங்கள். புரதத்தில் அந்த வாலின் நுனி கார்பாக்சில் தொகுதியோடு திறந்தே கிடக்கிறது, பெப்டைடிலும் நுனி அதேபோல் திறந்திருக்க வேண்டும். சிஸ்டீனைத் தவறிப்போய் சி-முனையில் வைத்தால் முயல் பார்ப்பது வேறு வால். நுனியை அமைடாக மாற்றித் தருகிற வழக்கம் சில இடங்களில் உண்டு, ஆர்டரில் அது வேண்டாம் என்று எழுதிவிடுங்கள். இந்த முறை வரிசை கலைத்த பெப்டைடையும் சேர்த்தே வாங்கிவிடுங்கள்.

—

கல்லீரல்_லேன் எழுதியது:

சிஸ்டீன் சி-முனையில்தான் போட்டு வைத்திருந்தேன். இப்போதே மாற்றி அனுப்புகிறேன்.